வீட்டு ரவுட்டருக்குள் ஒரு வரிசை

உங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணி. அக்கா தன் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய பெரிய வீடியோ ஒன்றை இணையத்தில் ஏற்றத் தொடங்குகிறாள். பக்கத்து அறையில் நீங்கள் இயற்பியல் ஆசிரியரின் இணைய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆசிரியரின் குரல் விட்டு விட்டு வருகிறது. நீங்கள் கேட்ட சந்தேகம் அவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கணக்கைத் தொடங்கிவிடுகிறார். "நெட் ஸ்லோ" என்று அப்பாவிடம் புகார் போகிறது. அப்பா இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து, மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுகிறார். அடுத்த வாரம் அக்கா இன்னொரு வீடியோ அனுப்புகிறாள். குரல் மறுபடியும் அறுந்து போகிறது!

பணம் கட்டியும் ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வீட்டுக் கணிப்பொறியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பிங்' என்ற கட்டளையை (ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்) 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். விண்டோஸாக இருந்தால் கடைசியில் ஒரு சிறு கோடும் 'டி' என்ற எழுத்தும் சேர்த்தால் அது நில்லாமல் ஓடும். உங்கள் கணிப்பொறி ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும். வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது வரும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அக்காவை வீடியோவை ஏற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் பாருங்கள். பல வீடுகளில் அந்த எண் பத்து மடங்கு, இருபது மடங்கு ஏறிவிடும். ஏற்றம் முடிந்ததும் தானாக இறங்கிவிடும்.

கம்பி அதே கம்பி. தூரமும் அதே தூரம். அப்படியானால் அந்தச் செய்தி வழியில் எங்கோ நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும் அல்லவா?

வரிசையின் கணக்கு

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. வீடியோவானாலும் ஆசிரியரின் குரலானாலும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டே போகிறது. ஒரு பெரிய பொட்டலம் 1,500 பைட்டுகள், அதாவது 12,000 பிட்டுகள். உங்கள் இணைப்பு மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட்டுகள் என்று கொள்வோம். ஒரு பொட்டலம் வெளியேற 12 மில்லி செகண்டு ஆகும். அக்காவின் கணிப்பொறியோ வைஃபை வழியாக அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பொட்டலங்களை ரவுட்டரில் கொண்டுவந்து கொட்டுகிறது. உடனே அனுப்ப முடியாதவற்றை ரவுட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. இந்தக் காத்திருப்பு இடத்துக்குப் பஃபர் என்று பெயர். அதில் 250 பொட்டலங்கள் நின்றால்? 250 x 12 = 3,000 மில்லி செகண்டு. முழுதாக மூன்று நொடி! உங்கள் கேள்வியைச் சுமந்து வரும் குட்டிப் பொட்டலம் அந்த 250 பேருக்கும் பின்னால் போய் நிற்கிறது.

வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் அதே வரிசையைக் கடக்க 300 மில்லி செகண்டு வேண்டும். இருவர் தடங்கலின்றி உரையாட வேண்டுமானால் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைப் போல் இரு மடங்கு இது. மேலும், புதிய திட்டங்களில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். அக்காவுக்கு வேண்டியதோ ஏற்றும் வேகம். அப்பாவின் பணம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

"பஃபரை ஏன் இவ்வளவு பெரிதாக வைத்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். பொட்டலம் எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். நினைவகச் சில்லுகள் மலிந்துவிட்டதால் தாராளமாக வைத்தார்கள். ஆனால் இணையத்தில் ஒரு பொட்டலம் தொலைவது முக்கியமான ஒரு செய்தி. இது ஒரு சுவையான கதை.

1986ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு திடீரெனப் படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடைத்தூரம் சுமார் 400 கெஜம்தான். நொடிக்கு 32,000 பிட்டுகள் போன இடத்தில் வெறும் 40 பிட்டுகள் போயின. ஒரு ஆள் காகிதத்தில் எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் போயிருக்கும்! காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் ஒரு முறையை வெளியிட்டார். அனுப்பும் கணிப்பொறி மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும்; ஒரு பொட்டலம் தொலைந்தால், "பாதை நிரம்பிவிட்டது" என்று பொருள் கொண்டு உடனே வேகத்தைக் குறைக்கட்டும். இன்றைக்கும் இணையம் குலையாமல் நடப்பது இத்தகைய கட்டுப்பாட்டினால்தான். பெரிய பஃபர் இந்தச் செய்தியைப் போக விடாமல் தடுக்கிறது. அக்காவின் கணிப்பொறிக்குப் பொட்டலம் தொலைந்ததே தெரிவதில்லை. பாதை காலியாக இருக்கிறது என்று எண்ணி மேலும் மேலும் அனுப்புகிறது.

இந்தக் கோளாறுக்குப் பெயர் கிடைத்ததுகூட ஒரு வீட்டில்தான். 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது தாமதம் ஒரு நொடிக்கும் மேல் ஏறுவதைக் கண்டார். நீங்கள் மேலே செய்த சோதனையைத்தான் அவரும் செய்தார். பஃபர் ஊதிப் பெருத்த நோய் என்ற பொருளில் 'பஃபர்புளோட்' என்று அதற்குப் பெயரிட்டார்.

மருந்து என்ன?

தாம்பரம் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுக் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண கோஷ்டியின் சார்பில் ஒருவர் நாற்பது சீட்டுக் கேட்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கிண்டிக்கு ஒரே ஒரு சீட்டு வாங்க நீங்கள் நிற்கிறீர்கள். ஒரே வரிசையானால் உங்கள் வண்டி போய்விடும். ஆளுக்கொரு வரிசை வைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு சீட்டாக முறை வைத்துக் கொடுத்தால்? உங்களுக்குச் சீட்டு உடனே கிடைக்கும். கல்யாண கோஷ்டிக்கோ மொத்தத்தில் ஒரு சீட்டு நேரம்தான் கூடும்.

இதுதான் மருந்தின் பாதி. மறுபாதி, வரிசையில் பொட்டலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது. 2012இல் கேத்லீன் நிகோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்கு மேல் ஏறி, 100 மில்லி செகண்டு வரை இறங்காமலே இருந்தால், ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கீழே போட வேண்டும். அனுப்புகிறவருக்குச் செய்தி போய்விடும். எரிக் டூமாஸே இந்த இரண்டு பாதிகளையும் இணைத்து லினக்ஸ் இயங்குதளத்துக்காக நிரல் எழுதினார். 'எஃப்.க்யூ. கோடெல்' எனப்படும் இது அதே ஆண்டில் லினக்ஸில் சேர்ந்தது. இதற்காகக் கூடுதல் கம்பியோ ஆண்டெனாவோ தேவைப்படவில்லை. மாறியது நிரல் மட்டுமே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வரிசை எப்போதும் பாதை மிகக் குறுகும் இடத்தில்தான் நிற்கும். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பரனூரில் நிமிடத்துக்கு 100 வண்டிகள் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். பெருங்களத்தூரிலேயே நிறுத்தி, நிமிடத்துக்கு 90 வண்டிகளை மட்டும் விட்டால் பரனூரில் வரிசையே இராது. வரிசை பெருங்களத்தூருக்கு வந்துவிடும். அங்கே நிற்கும் போலீஸ்காரர் ஆம்புலன்ஸை முன்னால் விடலாம். வீட்டிலும் அப்படித்தான். பாதை குறுகும் இடம் இணைய நிறுவனத்தின் பெட்டியில் இருந்தால் அங்கே நம் பாச்சா பலிக்காது. நம் ரவுட்டர் அளந்த வேகத்தில் 85 அல்லது 90 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால், வரிசை நம் கைக்கு வந்துவிடும். பத்து விழுக்காடு வேகத்தைக் கொடுத்துப் பல நூறு மில்லி செகண்டுகளை வாங்குகிறோம். நல்ல வியாபாரம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கடையில் வாங்கிய பல மலிவு ரவுட்டர்களில் இந்த வசதி இல்லை. பிறகு எப்படிச் சேர்ப்பது?

பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி

ரவுட்டர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணிப்பொறியே. செயலி உண்டு, வேலை செய்யும் நினைவகம் உண்டு, மின்சாரம் போனாலும் மறக்காத ஃபிளாஷ் நினைவகம் உண்டு. அந்த ஃபிளாஷில் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் நிரல்தான் 'ஃபர்ம்வேர்'. தமிழில் இதை நிலைபொருள் என்கிறார்கள். நிலையாக இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை, மாற்றி எழுதலாம். மாற்றலாம் என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது ஒரு நீலமும் கறுப்புமான பெட்டியால்.

2002ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 125 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் ஃபிளாஷ். இன்று உங்கள் கைபேசியின் ஒரு புகைப்படம்கூட அந்த ஃபிளாஷில் அடங்காமல் போகலாம். 2003இல் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் அதன் நிலைபொருளை ஆராய்ந்து, உள்ளே இருப்பது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார். லினக்ஸ், ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வெளிவருவது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம்; ஆனால் அப்படி விற்கிறவர், கேட்கிறவர்களுக்கு அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். நிறுவனம் அதைக் கொடுத்திருக்கவில்லை. கேள்விகள் எழுந்தபின், அதே ஆண்டில் மூல நிரல் வெளிவந்தது.

அதை அடிப்படையாக வைத்து 2004 ஜனவரியில் தன்னார்வலர்கள் தொடங்கியதுதான் 'ஓபன்வர்ட்'. இன்று அது பல நூறு வகை ரவுட்டர்களில் இயங்குகிறது. பஃபர் நோய்க்கான மருந்தைச் சோதித்துப் பார்த்த களமும் இதுவே. டேவ் டாட் என்பவர் ஜிம் கெட்டிஸுடன் சேர்ந்து 'செரோவர்ட்' என்ற ஒரு சோதனைப் பதிப்பை உருவாக்கி, சாதாரண வீட்டு ரவுட்டர்களில் ஓட்டிப் பார்த்தார். தேறியவை ஓபன்வர்ட்டுக்கு வந்தன. உரிமத்தில் அந்த ஒரு நிபந்தனை இல்லாதிருந்தால் இந்தச் சோதனைகளை எங்கே நடத்தியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்த லினக்ஸ் உங்களுக்கு அந்நியமானதன்று. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் அடுத்து சானடோரியம், அதற்கடுத்து குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தில், அப்துல் கலாம் படித்த அதே இடத்தில், ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் இந்திய அரசு தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு இந்த மையத்துக்கும் சென்னை சி-டாக் நிறுவனத்துக்கும் தரப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை, தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த மடிக்கணினியின் கருவும் ஓபன்வர்ட் ரவுட்டரின் கருவும் ஒன்றே. அண்ணனுடைய பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால், இனி சொல்லப்போகும் வேலைக்கு அதுவே போதும்.

செய்து பார்ப்போம், ஆனால் நிதானமாக

முதலில் ஒரு எச்சரிக்கை. இணைய நிறுவனம் உங்கள் சுவரில் மாட்டிக் கொடுத்திருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். நம் பக்கத்துத் தெருக்களில் மின்கம்பம் மின்கம்பமாகத் தொங்கி வரும் ஒளியிழை அந்தப் பெட்டியில்தான் முடிகிறது. அது பெரும்பாலும் அவர்களுடைய சொத்து. அதில் வேறு நிலைபொருள் ஏற்றினால் இணைப்பே போய்விடும். அதற்குப் பின்னால் உங்களுடைய சொந்த ரவுட்டர் ஒன்றை வையுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரோ, ரிச்சி தெருவில் வாங்கிய பழையதோ போதும். பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த பெட்டியாக இருந்தால் மனம் பதறாது.

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். மாடல் எண் மட்டும் போதாது. பக்கத்தில் வி1, வி2 என்று பதிப்பு எண் இருக்கும். ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி, ஆனால் உள்ளே வேறு செயலி என்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். டபிள்யூ.ஆர்.டி.54ஜி-யிலேயே ஐந்தாவது பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள்! ஓபன்வர்ட் திட்டத்தின் இணையதளத்தில் உள்ள வன்பொருள் அட்டவணையில் உங்கள் மாடலும் பதிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபிளாஷ் 4 மெகாபைட், நினைவகம் 32 மெகாபைட் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய பதிப்புகள் அதில் அடங்கா. ஃபிளாஷ் 16, நினைவகம் 128 என்று இருந்தால் நிம்மதி.

கோப்பை இறக்கியபின் அதன் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும். இணையதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே 'எஸ்.எச்.ஏ.256' என்ற நீண்ட எண் தரப்பட்டிருக்கும். உங்களிடம் உள்ள கோப்பிலிருந்து கணிப்பொறி கணக்கிடும் எண்ணும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறது என்று பொருள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் உண்டு. தயாரிப்பாளரின் மூல நிலைபொருளையும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, வைஃபையில் அல்ல, கம்பியால் மடிக்கணினியை ரவுட்டரோடு இணையுங்கள். அதன் நிர்வாகப் பக்கத்தில் நிலைபொருளை மேம்படுத்தும் இடத்தில் புதிய கோப்பைக் கொடுங்கள். சில நிமிடங்கள் விளக்குகள் கண்சிமிட்டும். அப்போது மின்சாரம் போகக் கூடாது. பழைய நிரல் அழிந்து புதியது பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டால், ரவுட்டருக்குத் தான் யார் என்பதே தெரியாது. இந்த நிலையை "செங்கல் ஆகிவிட்டது" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கதவுக்கு அண்டக் கொடுக்கத்தான் உதவும்! பல மாடல்களில் செங்கலை மீட்கவும் வழி உண்டு. உங்கள் மாடலுக்கு அது எப்படி என்பதை முன்னதாகவே படித்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாலைகளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யு.பி.எஸ். இருந்தால் அதில் செருகுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்தால் புதிய பக்கம் வரும். உடனே கடவுச்சொல் வையுங்கள். வைஃபை காணவில்லை என்று திகைக்க வேண்டாம். பல ரவுட்டர்களில் தொடக்கத்தில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். நிறுவனத்தின் பெட்டிக்கும் இதே முகவரி இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? உங்களுடையதை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை நம் நாட்டில் 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை 2018 முதலும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். ஆனால் எவ்வளவு திறனில் பரப்பலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. அதிகத் திறன் கிடைக்கிறதே என்று வேறு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுப்பது குற்றம்.

அலைவரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். மேடவாக்கம், குரோம்பேட்டை போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் கத்திக்கொண்டிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசைகளுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டருக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. மூன்றில் எது காலியாக இருக்கிறது என்பதைப் புதிய நிலைபொருளே ஆராய்ந்து காட்டும்.

நிலைபொருளை மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. பல தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளிலேயே பழைய மாடல்களைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன. 2018 மே மாதம் அம்பலமான 'வி.பி.என்.ஃபில்டர்' என்ற நச்சு நிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் ரவுட்டர்கள்தாம். ஓபன்வர்ட்டிலும் புதிய பதிப்பு வரும்போது நீங்களாகத்தான் ஏற்ற வேண்டும்; ஏற்றாமல் விட்டால் அதுவும் பழசாகிவிடும்.

கடைசியாக மருந்தைக் கொடுப்போம். 'எஸ்.க்யூ.எம்.' என்ற தொகுப்பை நிறுவி, அளந்து வைத்த ஏற்றும் வேகத்திலும் இறக்கும் வேகத்திலும் 85 விழுக்காட்டை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். அக்காவை வீடியோவை ஏற்றச் சொல்லிவிட்டுப் பிங் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் முன்போல் தாவாமல் பழைய நிலைக்கு அருகிலேயே நிற்க வேண்டும். நின்றால் 88, 90, 92 என்று சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். தாமதம் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு பொட்டலத்தையும் கணக்குப் பார்ப்பது செயலிக்குச் சுமை. உங்கள் இணைப்பு நொடிக்குச் சில நூறு மெகாபிட் வேகமுள்ளதானால் பழைய ரவுட்டர் திணறிப்போகும். அத்தகைய வீடுகளில் பிங் எண் முதலிலேயே அதிகம் தாவியிருக்காது. தாவவில்லையானால் இந்த மருந்தும் தேவையில்லை.

கிடைத்த இரண்டு எண்களையும், அளந்த தேதியையும், ரவுட்டரின் அடியில் உள்ள சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அப்பா திட்டத்தை மறுபடியும் மாற்றினால் முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கும்.